யாழ்ப்பாணத்தில் உங்கள் முதல் மாரி: தரம் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

போன கார்த்திகையில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. பதினைந்து வருடம் கனடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். மகள் தரம் 7, மகன் தரம் 9. வந்த மூன்றாம் நாள் அந்தத் தாய் வேலியடியில் நின்று, "அக்கா, இங்கே குளிர்காலத்துக்குப் பிள்ளைகளுக்கு என்ன வாங்கி வைக்க வேண்டும்?" என்று கேட்டாள். "ஒரு டோர்ச்சும் ஒரு வெப்பமானியும் வாங்குங்கள்" என்றேன். கம்பளிச் சட்டையை மனதில் வைத்துக் கேட்டவளுக்கு அது பகிடியாகப் பட்டிருக்கும். நான் பகிடி விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மாரி இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கினாலே நாங்கள் காதை மூடிக்கொண்டு திரிவது உண்மை. வெளிநாட்டு உறவினர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதும் உண்மை. ஆனால் பிள்ளைகளைப் பாயில் போடுவது குளிர் இல்லை, தண்ணீர். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டிவிடுகிறது. ஆறில்லாத தட்டையான நிலம் என்பதால், கொட்டியது ஓட இடமின்றி நிற்கிறது. தேங்கிய தண்ணீரில் நுளம்பு, வடியாத வெள்ளத்தில் எலியின் சிறுநீர், பொங்கிய கிணற்றில் மலக்குழிக் கசிவு. மாரி நோய்களில் மோசமானவை இந்த மூன்று வாசலால்தான் வீட்டுக்குள் வருகின்றன.

பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கும்போதே தாய்க்குத் தெரிந்துவிடும். தரம் 8 பிள்ளையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் அதற்கு ஒரு சாட்டுத் தேட வேண்டும். தானே குளிக்கிறது, தானே உடுத்துகிறது, தலையிடித்தால் அலுமாரியைத் திறந்து தானே பனடோல் போடுகிறது. பரீட்சை தவறிவிடும் என்று காய்ச்சலை ஒளிக்கவும் தெரியும். ஆகவே இங்கே சொல்லப்போகிறவற்றில் பாதி நீங்கள் செய்வதற்கு, மீதி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு.

முதல் மழைக்கு முன்: வளவைச் சுற்றி ஒரு நடை

புரட்டாதி முடிவதற்குள் செய்துவிடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். குனிந்து பார்ப்பதற்கு அவர்களின் முதுகுதான் நல்லது. வேலி ஓரத்துச் சிரட்டைகள், குரும்பைக் கோம்பைகள், யோகட் கோப்பைகள், பழைய டயர், கோழிக்கும் நாய்க்கும் தண்ணீர் வைக்கும் சட்டி, கிணற்றடியில் கவிழ்க்காமல் விட்ட வாளி, கூரைப் பீலியில் அடைத்த இலைச் சருகு, மூடி சரியாகப் பொருந்தாத தண்ணீர்த் தாங்கி. பூச்சாடியின் கீழ்த் தட்டை மறக்க வேண்டாம். டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த தண்ணீர்தான் அதற்கு விருப்பம், ஒரு சிரட்டை கொள்ளும் அளவே போதும்.

முட்டை நுளம்பாகிப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் வரை எடுக்கும். வாரத்தில் ஒரு தடவை இந்த நடை போனால் போதும் என்று சொல்வது அதனால்தான். கவிழ்த்து ஊற்றுவதோடு விட்டுவிடாமல் உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழைக்கு உயிர்பெறும்.

டோர்ச்சின் கதை இதுதான். சில வருடங்களுக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இங்கே எல்லோரும் பி.எச்.ஐ. என்றுதான் சொல்வார்கள். வளவு முழுவதையும் நான் முதல் நாளே கூட்டி வைத்திருந்ததால் துணிச்சலோடு நின்றேன். அவர் வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே குசினிக்குள் போய், "இந்தக் குளிர்சாதனப் பெட்டியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கலாமா, அம்மா?" என்றார். பின்பக்கத்தின் அடியில், உறைபனி உருகிய தண்ணீர் சேர்வதற்கென்று ஒரு தட்டு இருக்கிறது. ஆறு வருடம் அந்தப் பெட்டியோடு புழங்கியும் அப்படியொன்று இருப்பது எனக்குத் தெரியாது. டோர்ச்சை அடித்தார். விரல்கடையளவு தண்ணீரில் குடம்பிகள் கொக்கி கொக்கியாக மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் எல்லாம் அடிக்கு ஓடின. எனக்கு நின்ற இடத்தில் வேர்த்தது. அவர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டுப் போனார். எல்லோருக்கும் அப்படி விடமாட்டார்கள், வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது.

புகையடிக்கும் இயந்திரம் ஒழுங்கைக்கு வந்துபோனால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். புகை பறக்கிற நுளம்பைக் கொல்லும். தட்டில் கிடக்கிற குடம்பிக்கு அது ஒன்றும் செய்யாது.

பாடசாலைக்கும் ரியூசனுக்கும் அனுப்பும்போது

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. காலை வெயில் ஏறும் முன்னும், மாலை மங்கும் முன்னும் அதற்கு உச்ச நேரம். உங்கள் பிள்ளை அந்த இரண்டு நேரத்திலும் வீட்டில் இருப்பதில்லை. காலையில் வகுப்பு மேசைக்குக் கீழே கால் தொங்குகிறது, மாலையில் ரியூட்டறி வாங்கில் தொங்குகிறது. காற்சட்டை போடும் பையன்களுக்கு முழங்காலுக்குக் கீழே முழுக்க வெளி. வீட்டை விட்டு இறங்கும் முன் காலுக்கும் கைக்கும் நுளம்பு விரட்டிக் களிம்பைப் பூசச் சொல்லுங்கள். ரியூசனுக்கு நீளக் காற்சட்டை போட்டு அனுப்புங்கள். மகன் மணம் பிடிக்கவில்லை என்று முகத்தைச் சுளிப்பான். வேறு மணத்தில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு விடாப்பிடியாக நில்லுங்கள்.

ரியூட்டறியைப் பற்றி ஒரு வார்த்தை. தகரக் கூரைக்குக் கீழே நூறு பிள்ளைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருக்கும் இடம் அது. ஒருவருக்குத் தடிமன் வந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வாங்கு முழுவதும் இருமும். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள், பனடோல் போடாமலே விட்டு ஒரு முழு நாள், வீட்டில் வைத்திருங்கள். ஒரு பாடம் தவறினால் கொப்பியைப் பார்த்து எழுதலாம். நூறு வீத வரவுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் சில பாடசாலைகளில் இன்னும் இருக்கிறது. காய்ச்சலோடு வரும் பிள்ளைக்குக் கொடுக்கிற பரிசாகத்தான் அது முடிகிறது என்பது என் எண்ணம். வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு மனச்சாட்சிக் குத்தல் இல்லாமல் பிள்ளையை மறியுங்கள்.

பையில் மாரிக்கென்று ஒரு பொலித்தீன் உறைக்குள் ஒரு சோடிக் காலுறை, ஒரு சின்னத் துவாய், இரண்டு லேஞ்சி. நனைந்த சப்பாத்தோடும் காலுறையோடும் ஆறு மணித்தியாலம் இருந்தால் விரலிடுக்கு வெளுத்து வெடித்துச் சேற்றுப்புண் வரும். மூக்குச் சிந்த ஒரு லேஞ்சி, முகம் துடைக்க இன்னொன்று. ஒரே லேஞ்சியால் மூக்கையும் துடைத்து, கண்ணையும் கசக்கி, பக்கத்திலிருப்பவனுக்குக் கைகொடுக்கும்போது கண்நோயும் கூடப் போகிறது. காலையில் சப்பாத்துக்குள் கால் விடும் முன் கவிழ்த்துத் தட்டுகிற பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள். மழைக்குத் தேளும் பூரானும் உலர்ந்த இடம் தேடும்.

குடிதண்ணீர்

கோடையில் ஆழத்தில் கிடக்கும் கிணற்றுத் தண்ணீர் மாரியில் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறிவிடும். பார்க்க அழகாக இருக்கும். நிலத்துக்கு அடியில் இருப்பது ஓட்டை விழுந்த சுண்ணாம்புக்கல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக வீடுகள் உள்ள இடங்களில் பக்கத்து வளவு மலக்குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் இடையே சில மீற்றரே தூரம். இரண்டிலும் தண்ணீர் மட்டம் ஏறியிருக்கும்போது ஒன்றுக்குள் மற்றது கசியாது என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்), செங்கமாரி (மஞ்சள்காமாலை) மூன்றும் அந்த வழியால் வருகின்றன. நெருப்புக்காய்ச்சலுக்கு யாழ்ப்பாணம் நெடுங்காலமாகவே பெயர்போன இடம்.

குமிழ் எழுந்து நன்றாகக் கொதிக்கும்வரை காய்ச்சுங்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது, கொதித்ததை ஆற வைக்கப் பொறுமையில்லாமல் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் கலப்பதற்குத்தான். எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். இரவே காய்ச்சி மூடிவைத்து, காலையில் போத்தலில் நிரப்பிக் கொடுங்கள். பாடசாலைப் போத்தலின் மூடியிடுக்கில் பாசி பிடித்திருக்கிறதா என்று வாரத்தில் ஒருநாள் முகர்ந்து பாருங்கள்.

வெள்ளம் கிணற்றுக் கட்டைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், பல் துலக்கவும் வேண்டாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொன்னால் இறைத்துக் குளோரின் இடும் முறையைச் சொல்வார்கள். குளோரின் அளவை அயலாரின் கைக்கணக்கில் போடாதீர்கள்.

வாசலில் விற்கும் ஐஸ்பழத்தையும் உப்புத்தூள் போட்ட மாங்காயையும் முழுதாகத் தடை செய்ய முடியாது. நானும் அதைத் தின்று வளர்ந்தவள்தான். மாரி மூன்று மாதத்துக்கு மட்டும் ஒத்திவைக்கச் சொல்லிப் பேரம் பேசிப் பாருங்கள்.

காய்ச்சல் தொடங்கினால்: மணித்தியாலக் கணக்கு

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாக வாசியுங்கள். மாரியில் யாழ்ப்பாணத்தில் வரும் எந்தக் காய்ச்சலையும், வேறு என்று தெரியும்வரை டெங்கு என்றே நடத்துங்கள். நாடு முழுவதும் 2017 இல் ஒரே ஆண்டில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. இங்கே பெரும்பாலும் மழையோடு ஏறித் தையில்தான் இறங்கத் தொடங்கும்.

முதலாவது, காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் கலண்டரில் எழுதுங்கள். திங்கள் மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் செவ்வாய் மாலை ஆறு மணிக்குத்தான் ஒரு நாள் முடிகிறது. வைத்தியர் கேட்கும்போது "மூன்று நாலு நாள் இருக்கும்" என்று சொல்கிற பெற்றோர்தான் அதிகம். டெங்குவில் அந்த ஒரு நாள் வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

இரண்டாவது, மருந்து. பரசிற்றமோல் (பனடோல்) மட்டும். பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 40 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று கணக்குச் சரி. 28 கிலோ இருக்கும் தரம் 6 பிள்ளைக்கு அது கூட. இந்த வயதில் ஒரே வகுப்பில் 28 கிலோவும் இருக்கும் 60 கிலோவும் இருக்கும், ஆகவே வயதைப் பார்த்துக் கொடுக்காமல் நிறுத்துப் பார்த்துக் கொடுங்கள். காய்ச்சல் இறங்கவில்லை என்று ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக், அஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். இரத்தக் கசிவைத் தூண்டும். அலுமாரியில் உள்ள மற்றக் குளிசைகளைக் காய்ச்சல் தொடங்கிய அன்றே வேறு இடத்தில் வையுங்கள். பிள்ளைக்குத் தானே எடுத்துப் போடத் தெரியும் என்று மேலே சொன்னேன்.

மூன்றாவது, குடிக்கக் கொடுப்பது. கஞ்சி, இளநீர், ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல், பழச்சாறு, பால், சூப். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் கொடுக்க வேண்டாம். சிவப்பு, மண்ணிற பானங்களைத் தவிருங்கள். நெல்லிரசமும் கோப்பியும் வாந்தியாக வந்தால் அது இரத்தமா இல்லையா என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்குக் குடித்தது, எத்தனை மணிக்குச் சிறுநீர் போனது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். இந்த வயதுப் பிள்ளையைத் தானே எழுதச் சொல்லலாம். அந்தக் கொப்பியோடு வைத்தியசாலைக்குப் போனீர்களானால் விடுதியில் உங்களுக்கு மரியாதை கிடைக்கும்.

நாலாவது, இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் மூன்றாம் நாளில் எஃப்.பி.சி. என்ற முழுக் குருதி எண்ணிக்கைப் பரிசோதனையைச் செய்யுங்கள், பிள்ளை சோர்ந்து கிடந்தால் முன்னதாகவே வைத்தியரிடம் காட்டுங்கள். முதலில் வெண்குருதிக் கலங்கள் குறையும், குருதிச் சிறுதட்டுகள் பிறகுதான் இறங்கும். சிறுதட்டு எண்ணிக்கை நல்லது என்று மருந்துக்கடையில் யாராவது சொன்னதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள், அடுத்த நாளும் பார்க்கச் சொல்வார்கள். ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் வீட்டில் வைத்துப் பார்க்கும் கதையே இல்லை. பப்பாசி இலைச் சாறு இடித்துக் கொடுக்கச் சொல்லி நாலு பேர் வருவார்கள். அதை நம்பி ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஐந்தாவதுதான் பலருக்கும் தெரியாதது. டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் எரிக்கும் நாளில் இல்லை. விடும் நாளில் இருக்கிறது. மூன்றாம் நாள் முதல், காய்ச்சல் இறங்கும்போது சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசியத் தொடங்கும். அது ஓரிரு நாள் நீடிக்கும்.

என் மகன் தரம் 8 படித்த வருடம். திங்கள் மாலை ரியூசனால் வந்து காய்ச்சலோடு படுத்தான். வியாழன் விடியப் பார்த்தால் நெற்றி குளிர்ந்திருந்தது, வெப்பமானியும் 98 என்றது. நான் நல்லூரானுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இடியப்பம் அவிக்கப் போனேன். அன்று தவணைப் பரீட்சையில் கணிதம். அவன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் இருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறான், கட்டுகிறான், முடிகிறதில்லை. கயிறு விரலுக்குள் நிற்கவில்லை. நான் குனிந்து அவன் காலைப் பிடித்தேன். விடியற்காலைக் கிணற்றுக் கயிறு மாதிரி ஈரமாகவும் குளிராகவும் இருந்தது. ஓட்டோவில் போகும்போதுதான் சொல்கிறான், இரவு முழுவதும் வயிறு நொந்ததாம், இரண்டு தடவை சத்தி எடுத்துவிட்டு வாளியைக் கழுவி வைத்தானாம். "ஏனடா சொல்லவில்லை?" "கணிதம் இருந்தது, அம்மா." இரண்டு இரவு விடுதியில் ஒரு தாதி மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்து அவன் குடிப்பதையும் சிறுநீரையும் அளந்து எழுதினாள். அந்த நேரத்தில் குறைவாகக் கொடுத்தாலும் பிழை, கூடக் கொடுத்தாலும் பிழையாம். வீட்டில் என் கைக்கணக்கில் ஊற்றியிருப்பேன்.

ஆகவே பிள்ளையை இருத்தி வைத்து, காய்ச்சல் வரும் முன்பே, இவற்றைப் பாடமாக்கிக் கொடுங்கள்: வயிறு விடாமல் நொந்தால், திரும்பத் திரும்பச் சத்தி வந்தால், பல்முரசிலோ மூக்கிலோ இரத்தம் கண்டால், மலம் கறுப்பாகப் போனால், எழும்பும்போது தலை சுற்றினால், கை கால் குளிர்ந்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், நித்திரை மயக்கமாகவே இருந்தால், நடுச்சாமம் என்றாலும் அம்மாவை எழுப்ப வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று. டெங்கு நேரத்தில் மாதவிடாய் நாள் தப்பி வரலாம், வழமையைவிட அதிகமாகப் போகலாம். இதை வெட்கப்பட்டு மறைப்பார்கள். வைத்தியருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.

டெங்கு இல்லை என்று வந்தால்

அத்தோடு கதை முடியவில்லை. மாரியில் இங்கே இன்னும் இரண்டு காய்ச்சல்கள் உண்டு.

எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு, பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் காய்ச்சலோடு மூச்சுத் திணறிச் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் பெயர் தெரியாத காய்ச்சல் என்று ஊர் கதிகலங்கியது. பிறகு பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்னக் கீறலால் உள்ளே போகிறது. காய்ச்சல் வர ஒன்று, இரண்டு கிழமை எடுக்கலாம். கெண்டைக்கால் தசை நோவு, கடும் தலையிடி, சிவந்த கண், குறைந்த சிறுநீர். வைத்தியரிடம் போகும்போது "போன கிழமை பிள்ளை வெள்ளத்தில் இறங்கினது" என்ற ஒரு வசனத்தைச் சொல்ல மறக்காதீர்கள். முற்கூட்டியே போடும் குளிசை இருக்கிறது, வயலில் இறங்குவோருக்கு பி.எச்.ஐ. மூலம் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு வைத்தியர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

உண்ணிக்காய்ச்சல். பற்றைக்குள் பந்து தேடப் போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடிக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்தப் பொருக்கு வரும். நோகாது, அரிக்காது. அதுவும் கமக்கட்டு, தொடையிடுக்கு, இடுப்புப் பட்டிக்குக் கீழே என்று மறைந்த இடங்களில். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதை உங்களிடம் காட்டாது. குளியலறைக்குள் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பி, தானே பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. உரிய மருந்துக்கு ஓரிரு நாளில் காய்ச்சல் கேட்கும்.

வெள்ளம் நிற்கும் நாட்களில்

2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தைக் கண்டவர்களைக் கேட்டால் முதலில் கிணற்றைப் பற்றித்தான் சொல்வார்கள். கட்டில்லாத தோட்டக் கிணறுகள் வெள்ளத்துக்குள் மறைந்து, எது நிலம் எது கிணறு என்று தெரியாமல் போய்விடும். அறிமுகமில்லாத வெளியால் குறுக்குவழி வேண்டாம் என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். முழங்கால் தண்ணீரில் சைக்கிள் ஓடும் சாகசமும் வேண்டாம், மூடியில்லாத வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று சைக்கிளுக்குத் தெரியாது. நனைந்து வந்தால் சோப்புப் போட்டுக் கால் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தரையில் படுக்கும் வழக்கம் இருந்தால் மாரிக்கு மட்டும் கட்டிலுக்கு மாறுங்கள். மழை நாட்களில் எட்டடி விரியன் வீட்டுக்குள் வரும், இரவில் பாயில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடி பலசமயம் நோகாது, வீங்காது, பிள்ளை விடியக் கண் இமையைத் தூக்க முடியாமல் எழும்பும். நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழே செருகிவிட்டால் ஒரே வலை இரண்டுக்கும் காவல். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையவிடாமல் நேரே வைத்தியசாலை.

பாடசாலை விடுமுறைச் செய்தியை வட்ஸ்அப்பில் கண்டவுடன் நம்பாதீர்கள். போன வருடத்து அறிவித்தல் ஒவ்வொரு மாரியிலும் புதிதுபோல் சுற்றும். தேதியைப் பாருங்கள், வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். வெள்ளத்தில் பாடசாலைகள் சில இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் தங்குமிடமாகும். திரும்பத் திறந்த முதல் வாரம் பிள்ளை வீட்டுத் தண்ணீரையே கொண்டுபோகட்டும்.

மார்கழிப் பனியும் தொய்வும்

மழை ஓய்ந்ததும் வாடைக்காற்றும் விடியற்பனியும். தலை நனைந்ததால் தடிமன் வருவதில்லை, கிருமியால்தான் வருகிறது. திருவெம்பாவைக்கு விடிய எழும்பி முழுகிப் போகும் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை, சுடுதண்ணீரில் முழுகித் தலையை உலர்த்திவிட்டுப் போகட்டும். மல்லி, வேர்க்கொம்புத் தண்ணீர் பனங்கட்டியோடு தொண்டைக்கு இதம், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

தொய்வு, அதாவது ஆஸ்துமா, உள்ள பிள்ளைக்கு மட்டும் இது கவனமான காலம். நுளம்புத்திரிப் புகையும் சாம்பிராணிப் புகையும் மூடிய அறைக்குள் மூச்சு முட்டச் செய்யும், நுளம்பு வலைக்கு மாறுங்கள். இன்ஹேலர் பம்ப் பையில் இருக்க வேண்டும், வகுப்பாசிரியருக்கும் ரியூசன் ஆசிரியருக்கும் அது எதற்கென்று தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் அதை எடுக்கப் பிள்ளை கூச்சப்படும். ஓர் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் அந்தக் கூச்சம் பாதியாகும். இன்ஃபுளுவன்சாத் தடுப்பூசி அரச அட்டவணையில் இல்லை, காசு கொடுத்துப் போட வேண்டும். தொய்வுப் பிள்ளைக்கு அது தேவையா என்று மாரிக்கு முன்னரே வைத்தியரிடம் கேளுங்கள்.

பதிவேடும் இலக்கங்களும்

வெளிமாவட்டத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்திருந்தால் பிள்ளையின் தடுப்பூசிப் பதிவைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை, தரம் 7 இல் இருபாலாருக்கும் ஏற்பு, தொண்டைக்கரப்பான் தடுப்பூசி, இரண்டும் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுவார்கள். சம்மதக் கடிதம் பையின் அடியில் நசுங்கிக் கிடக்கும், நீங்களே தேடி எடுங்கள்.

இலவச அம்புலன்ஸ் 1990. வெள்ளம், புயல் அவசரத்துக்கு 117. இரண்டையும் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைத் தவிர தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. உங்களுக்கு எது கிட்ட, மழையில் எந்த வீதி மூழ்காது என்று வெயில் நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நெடுந்தீவில் இருப்பவர்கள் கலண்டரில் நாள் எழுதும்போதே கடலையும் பாருங்கள். காற்று எழும்பினால் குறிகட்டுவான் படகு நின்றுவிடும். மூன்றாம் நாள்வரை காத்திருக்காமல் இரண்டாம் நாளே பிள்ளையோடு கரைக்கு வந்து, உறவினர் வீட்டில் தங்கி நின்று இரத்தத்தைப் பாருங்கள்.